சி.ஆர்.என்.ஏ. படிக்க அரசுப் பணம்: எதை வாங்கலாம், எதை விடலாம்

"அக்கா, ஐ.சி.யூ.ல நாலு வருஷம் ஆச்சு. கிரீன் கார்டும் வந்துடுச்சு. அனஸ்தீசியா படிக்கலாம்னு இருக்கேன். கிராமத்துல வேலை பார்த்தா கவர்ன்மென்ட்டே ஃபீஸ் கட்டுமாமே, எந்தத் திட்டத்துல சேரட்டும்?"

டெக்சஸிலிருந்து ஒரு தங்கை போன மாதம் அனுப்பிய செய்தி இது. இதே கேள்வி வேறு வேறு வார்த்தைகளில் எனக்கு அடிக்கடி வருகிறது. எல்லாவற்றிலும் ஒரே தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது: அரசு நமக்கு ஃபீஸ் கட்டும் என்று. படிக்கும்போது அரசு தருவது கொஞ்சம்தான். பெரிய பணமெல்லாம் நீங்கள் கடன் வாங்கிப் படித்து முடித்து, அவர்கள் சொல்லும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் வரும். இது மனதில் பதிந்தால்தான் மேலே படிப்பதில் அர்த்தம் உண்டு.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். நம் ஊரில் மயக்க மருந்து என்றால் டாக்டர்தான், உதவிக்கு அனஸ்தீசியா டெக்னீஷியன் இருப்பார். அமெரிக்காவில் நர்ஸ் ஒருவரே மேற்படிப்பு படித்து மயக்க மருந்து கொடுக்கலாம், அவர்தான் சி.ஆர்.என்.ஏ. கிராமத்துச் சின்ன மருத்துவமனைகள் பலவற்றில் அனஸ்தீசியாவுக்கு இவரைத் தவிர வேறு ஆளே கிடையாது. குறைந்தது ஒரு வருட ஐ.சி.யூ. அனுபவம் வேண்டும், படிப்பு குறைந்தது 36 மாதம், 2022 முதல் சேருகிறவர்கள் எல்லோருக்கும் டாக்டரேட் கட்டாயம்.

அந்த 36 மாதமும் வேலைக்குப் போக முடியாது. பள்ளிகள் பெரும்பாலும் விடாது, விட்டாலும் உடம்பு விடாது. அமெரிக்காவில் நர்ஸ் ஒருவரின் நடுத்தரச் சம்பளம் 2024 கணக்குப்படி ஆண்டுக்கு 93,600 டாலர். மூன்று வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 2.8 லட்சம் டாலர் கையை விட்டுப் போகிறது. ஃபீஸைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், அதைவிடப் பெரிய செலவு இதுவாகக்கூட இருக்கலாம். நான் கீழே ஒப்பிடும் திட்டம் எதுவும் இதை ஈடுகட்டாது.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்க்கிற வரிசை இது. நம்மவர்களுக்கு முதல் கேள்வியே பாதித் திட்டங்களை வெட்டிவிடும்.

குடியுரிமை. எச்-1பி, எச்-4 விசா என்றால் அரசுத் திட்டம் எதுவுமே கிடைக்காது, வருத்தம்தான். கிரீன் கார்டு என்றால் சில. சிட்டிசன் என்றால் எல்லாம்.

பணம் எப்போது வருகிறது. படிக்கும்போதா, படித்து முடித்த பிறகா?

வரி உண்டா. 60,000 தருகிறோம் என்று இரண்டு திட்டங்கள் சொன்னாலும், ஒன்றில் வரி பிடிப்பார்கள், இன்னொன்றில் பிடிக்க மாட்டார்கள்.

முதலாளி யார். இதை யாரும் கேட்பதில்லை. மருத்துவமனை வாசலில் ஒரு பெயர் இருக்கும், உங்கள் சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கும். கீழே இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்கிறேன்.

பாதியில் விட்டால் என்ன ஆகும். கணவருக்கு வேறு ஊரில் வேலை மாறும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகும். நம் வாழ்க்கையில் நடக்காததா?

## டிரெய்னிஷிப்: கொஞ்சம்தான், ஆனால் கட்டு எதுவும் இல்லை

நர்ஸ் அனஸ்தெடிஸ்ட் டிரெய்னிஷிப் என்பது எச்.ஆர்.எஸ்.ஏ. என்ற மத்திய அரசு அமைப்பு கொடுக்கும் மானியம். பொதுச் சுகாதாரச் சேவைச் சட்டத்தின் 8-ஆம் தலைப்பின் கீழ் வருகிறது. பணம் உங்களுக்கு நேரே வராது, பள்ளிக்குப் போகும், பள்ளி தன் மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். எல்லோருக்கும் பிரித்த பிறகு ஆளுக்குச் சில ஆயிரம் டாலர் மிஞ்சினால் அதிகம். படிப்புச் செலவோடு ஒப்பிட்டால் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஆனாலும் கிடைத்தால் விடாதீர்கள். கிரீன் கார்டு போதும், பதிலுக்கு எங்கேயும் போய் வேலை பார்க்க வேண்டும் என்ற ஒப்பந்தம் இல்லை. வாழ்க்கைச் செலவுக்கென்று தரும் பகுதிக்கு வரி வரும், அவ்வளவுதான்.

இதில் பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கிராமப்புறத்துக்கும் வசதி குறைந்த மக்களுக்கும் உதவும் பள்ளிகளுக்கே இந்த மானியத்தில் சட்டப்படி முன்னுரிமை. ஆக, ஒரு பள்ளி இதை வாங்குகிறது என்றால் அங்கே கிராமத்து மருத்துவமனைப் பயிற்சி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நேர்காணலில் உங்களிடம் கேள்வி இருக்கிறதா என்று கேட்பார்கள் இல்லையா, அப்போது இதைக் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: 8-ஆம் தலைப்பு நிதிகளில் பெரும்பகுதியை நிறுத்தலாம் என்று 2026 நிதியாண்டுக்கு வெள்ளை மாளிகையே முன்மொழிந்தது. ஆண்டுதோறும் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஒதுக்கினால்தான் உண்டு. இதை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

## நர்ஸ் கோர் கடன் அடைப்பு: கிரீன் கார்டுக்காரர்களுக்கு உள்ள பெரிய வழி

இதுவும் எச்.ஆர்.எஸ்.ஏ. திட்டம்தான், ஆனால் படித்து முடித்த பிறகு. நர்ஸ் பற்றாக்குறை உள்ள இடம் என்று அரசு ஏற்ற மருத்துவமனையில் இரண்டு வருடம் முழுநேரம் வேலை பார்த்தால், உங்கள் படிப்புக் கடனில் 60 சதவீதத்தை அடைக்கிறார்கள். மூன்றாவது வருடம் தொடர அனுமதித்தால் இன்னொரு 25 சதவீதம். மொத்தம் 85.

கேட்க அருமையாக இருக்கிறது. சரி, இனி உள்ளே போவோம்.

முதலாவது, வரி. வருமான வரியையும் சோஷியல் செக்யூரிட்டி பிடித்தத்தையும் எடுத்துக்கொண்டுதான் பணம் வரும். 2 லட்சம் கடனில் 60 சதவீதம் என்றால் 1.2 லட்சம், ஆனால் கடனில் அத்தனையும் குறையும் என்று எண்ண வேண்டாம்.

இரண்டாவது, வரிசை. விண்ணப்பித்தவர்கள் எல்லோருக்கும் பணம் கிடைக்காது. கடனுக்கும் சம்பளத்துக்கும் என்ன விகிதம் என்று பார்த்துத்தான் முன்னுரிமை தருகிறார்கள். சி.ஆர்.என்.ஏ.க்களுக்கு இங்கேதான் இடிக்கும். 70,000 சம்பளத்தில் 90,000 கடன் வைத்திருக்கும் வார்டு நர்ஸும், 2 லட்சத்துக்கு மேல் சம்பளம் வாங்கும் நீங்களும் ஒரே வரிசையில் நிற்கிறீர்கள். யாருக்குத் தேவை அதிகம் என்று அரசு பார்த்தால் அவர்தான் முன்னால் போவார், போகவும் வேண்டும். கிடைத்தால் நல்லது என்று வைத்துக்கொள்ளலாம், கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு வீடு வாங்கக் கூடாது.

மூன்றாவது, லாப நோக்கில் நடக்கும் மருத்துவமனைகள் கணக்கில் வராது. ஏஜென்ஸி வழியாகவோ டிராவல் நர்ஸாகவோ வேலை பார்த்தாலும் வராது.

பாதியில் விட்டால் அதுவரை தந்த பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்பார்கள். கடுமைதான், ஆனால் அடுத்து வருவதைப் பார்த்தால் இது தேவலை.

இதன் பெரிய பலம் ஒன்று உண்டு: தனியார் வங்கியில் வாங்கிய படிப்புக் கடனையும் ஏற்பார்கள். 2026-க்குப் பிறகு இது ஏன் முக்கியம் என்று பி.எஸ்.எல்.எஃப். (பொதுச் சேவைக் கடன் தள்ளுபடி) பகுதியில் தெரியும்.

## என்.எச்.எஸ்.சி., இந்தியன் ஹெல்த் சர்வீஸ்: சிட்டிசன்களுக்கு மட்டும்

சுருக்கமாகவே சொல்கிறேன். நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோரின் கிராமப்புறத் திட்டத்தில் சி.ஆர்.என்.ஏ.க்களும் சேரலாம். மூன்று வருடத்துக்கு 1 லட்சம் டாலர் வரை, வரி கிடையாது. ஆனால் அந்த இடம் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை தரும், என்.எச்.எஸ்.சி. ஏற்ற கிராமத்து மையமாக இருக்க வேண்டும். அறுவை சிகிச்சை அரங்கில் வேலை பார்க்கும் ஆளுக்கு இது பொருந்துவது அபூர்வம். ஒப்பந்தத்தை முறித்தால் மீதமுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் 7,500 டாலர், அதற்கு மேல் வட்டி, எப்படிப் போட்டாலும் 31,000 டாலருக்குக் குறையாது. கையெழுத்துப் போடும் முன் இந்த வரியை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

இந்தியன் ஹெல்த் சர்வீஸ் என்றால் நம் இந்தியா இல்லை, அமெரிக்கப் பூர்வகுடி மக்களுக்கான மருத்துவத் துறை. (பெயரைப் பார்த்து ஏமாந்து விசாரித்தவர்களை எனக்குத் தெரியும்.) இரண்டு வருடச் சேவைக்கு 50,000 டாலர் வரை கடன் அடைப்பு உண்டு, முடிந்த பிறகு நீட்டிக்கவும் செய்யலாம். தொகை சின்னதுதான், அந்த மக்களோடு வேலை பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் தொகைக்காகவா போகிறார்கள்?

ராணுவத்தையும் சிலர் கேட்கிறார்கள். சான் அன்டோனியோவில் பேய்லர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ராணுவம் நடத்தும் படிப்பு ஒன்று இருக்கிறது. ஃபீஸ் கிடையாது, படிக்கும்போதே அதிகாரிக்கான சம்பளம். நான் மேலே சொன்ன 2.8 லட்சம் இழப்புக்கு இது ஒரு விதிவிலக்கு. ஆனால் முடித்த பிறகு பல வருடம் சீருடையில் இருக்க வேண்டும், எங்கே அனுப்புவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. அது வேலையைத் தாண்டிய முடிவு என்பதால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

## வி.ஏ.: சிட்டிசன் என்றால் முதலில் இங்கே கேளுங்கள்

வி.ஏ. என்ற முன்னாள் படைவீரர் துறையின் மருத்துவமனைகளில் இ.டி.ஆர்.பி. என்று ஒரு கடன் அடைப்பு இருக்கிறது. ஆண்டுக்கு 40,000 வரை, ஐந்து வருடத்தில் 2 லட்சம் வரை, வரி கிடையாது. இத்தனை பெரிய தொகை வேறெங்கும் பார்த்ததில்லை. நீங்கள் முதலில் கடனைக் கட்டிக் காட்ட வேண்டும், பிறகு திருப்பித் தருவார்கள்.

எல்லா இடத்திலும் எல்லோருக்கும் தருவதில்லை. அந்தப் பதவிக்கு ஆள் கிடைப்பது கடினம் என்று அந்த மருத்துவமனை நினைத்தால்தான் உண்டு, ஆகவே வேலைக்கான பேச்சு நடக்கும்போதே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். சேர்ந்த பிறகு கேட்டால் அனுதாபம் கிடைக்கும், பணம் கிடைக்காது. அடிப்படைச் சம்பளம் வெளியில் கிடைப்பதைவிடக் குறைவாக இருப்பது வழக்கம், அதையும் கழித்துக் கணக்குப் போடுங்கள்.

## பி.எஸ்.எல்.எஃப்.: 2026-இல் கணக்கே மாறிவிட்டது

அரசு வேலையிலோ லாப நோக்கற்ற நிறுவனத்திலோ முழுநேரம் வேலை பார்த்துக்கொண்டே 120 மாதத் தவணை கட்டினால், மத்திய அரசுக் கடனில் மீதியைத் தள்ளுபடி செய்வார்கள். வரி இல்லை, கிராமத்துக்குப் போகவேண்டிய கட்டாயமும் இல்லை. அதனால் எல்லோரும் இதையே சொல்வார்கள். என் காலத்தில் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

இப்போது என்ன ஆயிற்று என்றால், 2025 ஜூலையில் வந்த சட்டப்படி 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேருகிறவர்களுக்கு, மேற்படிப்பின் முழுச் செலவுக்கும் மத்திய அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் இல்லை. மேற்படிப்புக்கு ஆண்டுக்கு 20,500, மொத்தம் 1 லட்சம் டாலர்தான் மத்திய அரசுக் கடன். 'தொழில்முறைப் படிப்பு' என்ற பட்டியலில் இருந்தால் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2 லட்சம். அந்தப் பட்டியலை வரையறுக்க 2025 இறுதியில் கல்வித் துறை வைத்த முன்மொழிவில் நர்ஸிங் இல்லை. டாக்டரேட் கட்டாயம் என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, இன்னொரு பக்கம் அது தொழில்முறைப் படிப்பு இல்லை என்றால் என்ன செய்வது, புலம்பத்தான் முடியும்.

ஒரு சின்னக் கணக்கு. உங்கள் வருமானம் 2 லட்சம் என்று வையுங்கள். 1 லட்சத்துக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்குப் புதிய தவணைத் திட்டத்தில் வருமானத்தில் 10 சதவீதம், அதாவது மாதம் சுமார் 1,667 டாலர். 1 லட்சம் கடனுக்கு 8 சதவீத வட்டி என்று வைத்தால், இந்தத் தவணையில் ஆறரை வருடத்துக்குள் கடன் தீர்ந்துவிடும். பத்தாவது வருடம் தள்ளுபடி செய்ய என்ன மிச்சம் இருக்கும்? ஒன்றும் இல்லை. மிச்சச் செலவுக்குத் தனியாரிடம் வாங்கிய கடன் பி.எஸ்.எல்.எஃப்.பில் வரவே வராது. கணவனும் மனைவியும் சேர்ந்து வரிக் கணக்குக் காட்டினால் அவருடைய ஐ.டி. சம்பளமும் அந்த 10 சதவீதத்துக்குள் வந்துவிடும், ஆக இன்னும் சீக்கிரம் தீரும்.

இதற்கு முன்பே சேர்ந்து 2 லட்சத்துக்கு மேல் மத்திய அரசுக் கடன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது இன்னும் நல்ல வழி. அவர்களுக்கும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. என்னோடு படித்த தோழி லாப நோக்கற்ற மருத்துவமனை ஒன்றில் மூன்று வருடம் வேலை பார்த்தாள், தினமும் அதே வாசல், அதே அடையாள அட்டை. சான்றிதழ் படிவம் அனுப்பியபோதுதான் தெரிந்தது, அவளுக்குச் சம்பளம் கொடுத்தது மருத்துவமனை இல்லை, அது ஒப்பந்தம் போட்டிருந்த தனியார் அனஸ்தீசியா குழு. 36 தவணையில் ஒன்றுகூடக் கணக்கில் வரவில்லை. அன்று அவள் அழவில்லை, என்னைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் திட்டினாள். நான்தான் அந்த வேலையைப் பரிந்துரைத்திருந்தேன்.

## எந்தத் திட்டமும் இல்லாமல் நேரே கிராமத்துக்கு

இதை ஒரு வழியாகவே யாரும் எண்ணுவதில்லை, ஆனால் நான் எடுத்தது இதைத்தான்.

கிராமத்துச் சின்ன மருத்துவமனைக்கு உங்களை வேலைக்கு வைக்க மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) தனியாகப் பணம் தருகிறது. ஆண்டுக்கு 800-க்கு மேல் போகாத அனஸ்தீசியா கேஸ் உள்ள, நிபந்தனைகளுக்குப் பொருந்தும் கிராமத்து மருத்துவமனைகளுக்கு, சி.ஆர்.என்.ஏ. செலவில் மெடிகேரின் பங்கை வழக்கமான கட்டண அட்டவணைப்படி இல்லாமல் உண்மையான செலவின் அடிப்படையிலேயே கொடுப்பார்கள். மயக்கவியல் டாக்டருக்கு இந்தச் சலுகை இல்லை. அதாவது கிராமத்துக்கு அரசு தரும் உதவி உங்கள் கைக்கு வராமல் மருத்துவமனைக் கணக்குக்குப் போகிறது. இது தெரிந்து பேரம் பேசினால், சேரும்போது தரும் போனஸ், கடனுக்கு உதவி, லீவு எல்லாவற்றையும் அவர்களிடமே கேட்கலாம். அரசு வரிசையில் நிற்க வேண்டாம், முன்னுரிமைப் பட்டியல் வேண்டாம். எச்-1பி-யில் இருப்பவர்கள்கூட, விசா ஏற்பாட்டுக்கு மருத்துவமனை ஒப்புக்கொண்டால், பேசிப் பார்க்கலாம்.

மறைந்திருக்கும் விலை? அதே விதியில் ஒரு வரி: வருடத்துக்கு 2,080 மணி நேரத்துக்கு மேல் அந்தச் சேவை போகக் கூடாது. அது ஒரு முழுநேர ஆளின் வேலை நேரம். அதாவது விதியே உங்களைத் தனியாள் ஆக்கிவிடுகிறது.

தனியாள் என்றால் என்ன என்று சொல்கிறேன். 25 படுக்கை, ஒரே ஓ.டி. ஜனவரி, அதிகாலை 2 மணி, போன் அடிக்கிறது, குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது, சிசேரியன். காரின் கண்ணாடியில் விரல் தடிமனுக்குப் பனி உறைந்திருக்கிறது, சுரண்ட நேரமில்லை, டிரைவர் பக்கத்தில் ஒரு தோசை அளவுக்கு மட்டும் சுரண்டிவிட்டு அதன் வழியே பார்த்து ஓட்டினேன். போய்ச் சேர்ந்தால் அறுவை டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்க்கிறார். முதுகில் போடும் ஸ்பைனல் ஊசி ஏறுமா, நேரம் இருக்கிறதா, இல்லை முழு மயக்கமா, சொல்ல வேண்டியது நான்தான், பக்கத்து அறையில் கேட்க ஆளில்லை. டாக்டர் மேற்பார்வை தேவையில்லை என்று மெடிகேரின் மேற்பார்வை விதியிலிருந்து 2001-இல் முதலில் விலகிய அயோவா போன்ற மாநிலங்களில் காகிதத்திலும் தனிதான். விலகாத டெக்சஸ் போன்ற இடங்களில்கூட மேற்பார்வை செய்பவர் அந்த அறுவை டாக்டராகவே இருக்கலாம், அவருக்கு அனஸ்தீசியா தெரியாது.

எனக்கு அந்த வேலை பிடித்தது. பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள், புதிதாகப் பாஸ் ஆனவர்கள் முதல் வருடமே இதைச் செய்யக் கூடாது என்பது என் கருத்து. அப்புறம் கறிவேப்பிலைக்கு இரண்டரை மணி நேரம் ஓட்ட வேண்டும். சிரிக்காதீர்கள், மூன்றாவது வருடம் என் கணவர் வேலையை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

## ஒரே பார்வையில்

| வழி | யாருக்கு | எவ்வளவு | வரி | கட்டு |
|---|---|---|---|---|
| டிரெய்னிஷிப் | கிரீன் கார்டு, சிட்டிசன் | சில ஆயிரம், படிக்கும்போது | வாழ்க்கைச் செலவுப் பகுதிக்கு உண்டு | இல்லை |
| நர்ஸ் கோர் | கிரீன் கார்டு, சிட்டிசன் | கடனில் 60%, பிறகு 25% | உண்டு | 2 வருடம், பிறகு 1 |
| என்.எச்.எஸ்.சி. கிராமப்புறம் | சிட்டிசன் | 1 லட்சம் வரை | இல்லை | 3 வருடம், முறித்தால் கடும் அபராதம் |
| வி.ஏ. இ.டி.ஆர்.பி. | பெரும்பாலும் சிட்டிசன் | 2 லட்சம் வரை | இல்லை | 5 வருடம் வரை அங்கேயே |
| பி.எஸ்.எல்.எஃப். | மத்திய அரசுக் கடன் உள்ளவர் | மீதி என்னவோ அது | இல்லை | 120 தவணை, சரியான முதலாளி |
| நேரடி பேரம் | யாரும் | பேசுவதைப் பொறுத்து | உண்டு | ஒப்பந்தத்தில் உள்ளபடி |

## அந்தத் தங்கைக்கு என்ன சொன்னேன்

கிரீன் கார்டு, 2026-க்குப் பிறகு சேரப்போகிறாள், கணவருக்கு ஆஸ்டினில் ஐ.டி. வேலை, இரண்டு வயதில் குழந்தை. பி.எஸ்.எல்.எஃப்.பை மறந்துவிடு என்றேன். டிரெய்னிஷிப் உள்ள பள்ளியாகப் பார்த்து விண்ணப்பி, முடித்ததும் முதல் இரண்டு வருடம் நகரத்திலேயே ஏழைகள் அதிகம் வரும் பொது மருத்துவமனையில் சேர், பற்றாக்குறைப் பட்டியலில் அதுவும் இருக்கலாம், நர்ஸ் கோருக்கு விண்ணப்பம் போடு, கிடைத்தால் லாபம். வசதி குறைந்தவர்கள் என்றால் வயல்வெளி மட்டும்தானா? நடுராத்திரி கேஸ்களில் கை தேறும், பக்கத்து அறையில் கேட்க ஆளும் இருப்பார்கள். அதற்குள் சிட்டிசன் ஆகிவிட்டால் வி.ஏ.வைப் பார். வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டால் அதன் பிறகு கிராமம், அங்கே கையெழுத்துப் போடும் முன் நீ லீவில் போனால் உன் இடத்தில் யார் வருவார் என்று கேள், பதில் சொல்லத் தயங்கினால் அங்கே சேராதே.

"அவ்வளவுதானாக்கா?" என்று கேட்டாள். இல்லை, இன்னும் ஒன்று, எந்த வேலையானாலும் வருடச் சம்பளத்தையும் வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவத்தில் முதலாளி என்று யார் பெயர் அச்சாகும் என்பதை எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேள், போனில் வேண்டாம் என்றேன்.